ஐந்து திருகாணிகள்

அப்பாவின் தாடை எலும்பில் திருகாணி இறக்கிப் பதித்த இரண்டு பற்களையும் கடைசி ஆறு வருடம் செண்பகம்தான் பார்த்துக்கொண்டாள். வாதத்தில் அவருக்குக் கை விழுந்துவிட்டது. தினமும் சின்ன பிரஷை ஈறோரம் விட்டுத் தேய்த்து, பல்லின் அடியில் நூலைச் சுற்றி இழுப்பாள். "அந்தப் பல்லு வலிக்காதும்மா, அதான் பயம். உள்ளே சீழ் வெச்சாலும் தெரியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவை எரித்த மறுநாள், மின்மயான ஊழியர் அஸ்திப் பானையை எடுத்து வைத்தார். பால் ஊற்றக் குனிந்த செண்பகம் சாம்பலுக்குள் எதுவோ மின்னுவதைக் கண்டு விரலால் துழாவினாள். திருகாணிகள். ஐந்து.

"அண்ணே, அப்பாவுக்கு ரெண்டுதானே?"

அண்ணன் இளவழகன் பின்னால் நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்தான். "பேசாம பாலை ஊத்து."

ஊழியர் பானைகள் வைக்கும் பலகையைத் திரும்பிப் பார்த்தார். காலி. "நேத்து இருந்தது ரெண்டு பானைதான். இன்னொண்ணை வாங்கிட்டு விடியக்காலையிலேயே ராமேஸ்வரம் போயிட்டாங்களே."

செண்பகத்தின் ஒரு கையில் செம்பு சாய்ந்தபடி நின்றது. மறுகையின் பெருவிரல், பழக்கத்தில், யாருடையதோ ஒரு திருகாணியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.