ஏழாம் நம்பரை முந்தும் குதிரை

"கடைசி ரேஸை மட்டும் சொல்லுண்ணே, போதும்" என்று குரு ரேஸ் புக்கை விரித்து செபாஸ்தியான் முன்னால் வைத்தான். ஜாதகம் பார்க்க வந்தவனைப் போல அவ்வளவு பவ்வியம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்ஸ் கேட்டு ஆள் வருவது புதிதல்ல. செபாஸ்தியான் பழைய ஜாக்கி. குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து ஊர் திரும்பியவர். போட்டி சமமாக இருக்க எந்தக் குதிரைக்கு எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறார்கள், எது ஈர மண்ணில் ஓடும், எது வளைவில் மூச்சு வாங்கும் என்று அவர் கணக்குப் போட்டால் தப்பவே தப்பாது.

மற்றவர்கள் அந்தக் கணக்கை வைத்துக் குதிரைமேல் பணம் கட்டுவார்கள். குரு அந்த ரகம் இல்லை.

போன மாதமும் இப்படித்தான் வந்து கேட்டான். அவரும் வெள்ளந்தியாக ஒரு குதிரையைச் சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் அந்தக் குதிரை வளைவில் மடங்கி விழுந்தது. அதன்மேல் இருந்த பையன் இன்னும் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். "தீவனத்துல கொஞ்சம் மருந்து கலந்தோம், அவ்ளோதான்" என்று மறுநாள் குருவே வந்து சிரித்துக்கொண்டு சொன்னான்.

"நான் கட்டியிருக்கறதெல்லாம் ஏழாம் நம்பர் மேல" என்றான் குரு இப்போது. "அத்த முந்துற தெம்பு எதுக்கு இருக்குது? அத மட்டும் சொல்லு. லாயத்துல என் ஆளு ரெடியா நிக்கிறான்."

"எனக்குத் தெரியாது தம்பி. முன்ன மாதிரி கணக்கு ஓட மாட்டேங்குது."

"அப்படியா? அப்ப சந்தேகமா இருக்குற எல்லாக் குதிரைக்கும் சேத்துக் குடுக்கச் சொல்லிடறேன்." குரு தலையைச் சாய்த்துப் பார்த்தான். "உம்புள்ள ஆல்பர்ட்டும் அதுல ஒண்ணு மேலதான ஏறுறான்?"

வாசலில் நின்ற காரிலிருந்து இன்னொருவன் இறங்கி வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றான். மனைவி செல்வராணி மகனுக்காக வேண்டிக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

செபாஸ்தியான் புத்தகத்தைப் பார்த்தார். ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏழாம் நம்பரை முந்தக்கூடியது ஆல்பர்ட் ஏறும் மல்லிகாதான். இதுவரை பெரிதாக ஜெயிக்காத குதிரை என்று அதன்மேல் எடையைக் குறைத்துத்தான் ஏற்றியிருந்தார்கள், ராத்திரி பெய்த மழையும் அதற்குத் தோது.

எல்லாரும் நம்பிக் கட்டியிருப்பது சுல்தானை. ஆனால் அதில் ஏறும் நெடுமாறன், உடம்பு எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்து நேற்று லாயத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டானாம். அதை ஆல்பர்ட்தான் போனில் சொல்லியிருந்தான். அந்த ஜாக்கியை வைத்துக்கொண்டு சுல்தான் எங்கே முந்தப் போகிறது?

மல்லிகா என்ற பெயரைத் தாண்டி விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"இன்னாண்ணே, வாயில கொழுக்கட்டையா?"

"சுல்தான்" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. பொய்யின்னு தெரிஞ்சுது, சாயந்திரம் நான் வர்றது வேற மாதிரி இருக்கும்."

"சுல்தான்தான். வேற எதுக்கும் தெம்பு இல்ல."

பொய் தெரிந்துபோனால் தன்னை வந்து வெட்டிப் போடட்டும், மகன் பிழைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார். நெடுமாறனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. குதிரைக்கு அடியில் சிக்கி எலும்பு நொறுங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்கா தெரியாது? தெரிந்தும்தான் சொன்னார். அந்தப் பாவத்தை நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

குரு அங்கேயே உட்கார்ந்து போன் போட்டான். "சுல்தானுக்கு. ஆங், மத்தது எதையும் தொடாத." அப்புறம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். செபாஸ்தியான் தன் பெட்டிக்கடைக்காக வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றான்.

"குடுத்துட்டியா? எல்லாத்தியும் தின்னுடுச்சா? சரி, நீ கெளம்பிடு, போனைத் தூக்கிக் கடாசிடு." எழுந்து செபாஸ்தியான் தோளைத் தட்டினான். "வர்றேண்ணே. இனிமே அந்த வளைவத் தாண்டாது அது."

கார் மேல்சித்தாமூர் பக்கமாகத் திரும்பி மறைந்தது. செபாஸ்தியான் கதவைத் தாழிட்டார். நெஞ்சில் ஒரு ஓரத்தில் நிம்மதி. பிள்ளை தப்பித்தான்.

அவன் குரலை ஒரு தடவை கேட்டால் தேவலை போலிருந்தது. போன் செய்தார். சுவிட்ச் ஆஃப். ரேஸ் அன்றைக்கு உள்ளே போகும்போதே ஜாக்கிகளின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இனி சாயந்திரம் வரை யார் நினைத்தாலும் அவனோடு பேச முடியாது.

அப்போதுதான் வாட்ஸப்பில் அவன் பேசி அனுப்பிய செய்தி ஒன்று கேட்கப்படாமல் இருப்பதைப் பார்த்தார். குரு உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்திருக்கிறது. தட்டிவிட்டுக் காதில் வைத்தார்.

ஆல்பர்ட் குரலில் அப்படி ஒரு துள்ளல். "நைனா, அம்மா வேண்டிக்கினது வீண்போகல! நெடுமாறன் அண்ணனால எழுந்துக்கவே முடியல, சுல்தான் மேல என்னை ஏறச் சொல்லிட்டாங்க!"