அரை மைல்

பெட்டி நகரத் தொடங்கியது.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே நின்றான்.

கிளப் அறையின் சுவரில் பெரிய டிவி. வழக்கமாக அதில் ஆட்டம் ஓடும். இன்று அதில் நேரலை. அயர்லாந்தில், அவனுடைய ஊர்த் தேவாலயத்தில், அவன் அம்மாவின் சவப்பெட்டியை ஆறு பேர் தோளில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் இடப்பக்கம் தம்பி. வலப்பக்கம் யாரோ ஒரு மாமா மகன்.

அது அவனுடைய இடம்.

அங்கே மதியம். இங்கே நியூயார்க்கில் புல்மேல் பனி இன்னும் காயவில்லை.

விமானம் ஏறுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஏறினால் திரும்பி வர விடமாட்டார்கள், அவ்வளவுதான். விசா காலாவதியாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மனைவியும் இரண்டு மகள்களும் இங்கே.

படுக்கையில் விழுவதற்கு முன்பே அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

“எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கிளம்பி வந்துடாதே. பிள்ளைங்களைப் பாரு.”

சரி என்றான். அந்தச் சரியைத் தூக்கிக்கொண்டுதான் இந்த வாரம் முழுக்க அலைந்தான்.

மகள்களுக்கு முன்னால் அழ வேண்டாம் என்று விடியும்போதே இங்கு வந்துவிட்டான். ஊரை விட்டு வந்த அயர்லாந்துக்காரர்கள் ஞாயிறுதோறும் ‘கேலிக்’ எனும் தங்கள் நாட்டுக் கால்பந்தை ஆடும் மைதானம் இது. ஆட்டத்துக்குக் கோடு போடுகிறவன் அவன் என்பதால் சாவி அவனிடம் இருந்தது. மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

அவள் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பலி தொடங்கிச் சற்று நேரத்தில் பின்னால் கதவு திறந்தது. பிறகு மூடவே இல்லை. கட்டட வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ்களின் ஓசை. சனிக்கிழமையும் வேலை உள்ளவர்கள். மரத்தரையில் மெதுவாக வைக்கப் பார்த்தும் ஓசை கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் உடைந்துவிடும்.

பங்குத்தந்தை செபம் சொன்னார்.

திரையில் ஊர் பதில் சொன்னது.

அவன் முதுகுக்குப் பின்னாலும் ஊர் பதில் சொன்னது.

ஆழமான, ஒரே குரல். தரையில் ஏறி, நாற்காலிக் காலில் ஏறி, அவன் விலா எலும்புவரை வந்தது. எத்தனை பேர் என்று அவனால் ஊகிக்க முடியவில்லை.

இப்போது பெட்டி பெஞ்சுகளின் நடுவே போய்க்கொண்டிருந்தது. மெல்ல. கொஞ்சம் ஆடியபடி. வாசலை நெருங்கியது. தம்பி தலையைத் தாழ்த்தினான்.

பெட்டி திரையின் ஓரத்தைத் தாண்டியது.

அசையாத கேமரா அது. பீடத்துக்கு எதிரே மாட்டியது. பின்னாலேயே போகாது.

ஜனம் கலைந்தது. காலியான பெஞ்சுகள். ஒரு கிழவர் வந்து மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார். வெளியே கல்லறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவனுக்கு அணைந்த மெழுகுவத்திகள்தான் மிச்சம்.

அப்போதுதான் திரும்பினான்.

அறை நிறைந்திருந்தது. படிக்கட்டு நிறைந்திருந்தது. திறந்த கதவு வழியே பார்த்தால் வாகனம் நிறுத்தும் இடம்வரை மனிதர்கள். தொப்பிகளெல்லாம் கையில். அவன் கிளப்பின் பச்சைச் சட்டைகள். நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள். ஞாயிறானால் ஒருவரையொருவர் தரையில் சாய்க்கும் கிளப்புகள், எல்லாமும்.

முன்வரிசையில் கார்வி நின்றான். எதிரணிக்காரன். ஓர் இறுதி ஆட்டத்தில் முழங்கையால் அவன் தாடையைப் பெயர்த்தவன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

கார்வி காலியான திரையைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

“கல்லறை எவ்வளவு தூரம்?”



“அரை மைல் இருக்கும்.”

“வா, நடப்போம்.”

வெளியே வந்தார்கள். மைதானத்தை இரண்டு சுற்று வந்தால் அரை மைல். முன்னால் வலப்பக்கம் அவனை நிறுத்தினார்கள். இடப்பக்கம் கார்வி வந்து நின்றான். பின்னால் நான்கு பேர். பெட்டி தூக்குகிறவர்கள் செய்வதுபோல் கார்வி தன் கையை அவன் தோளுக்குக் குறுக்கே போட்டு இறுக்கினான். அவனும் போட்டான்.

தோள்களுக்கு மேல் ஒன்றும் இல்லை.

நடந்தார்கள்.

யாரும் தாளம் சொல்லவில்லை. ஆனாலும் கால்கள் ஒன்றாக விழுந்தன. பின்னால் வந்த ஜனத்தின் கால்களும். ஈரப் புல்லில் அந்த ஒரே ஓசை. நேற்று அவன் போட்ட வெள்ளைக் கோட்டை யாரும் மிதிக்காமல் ஓரமாக வந்தார்கள். மைதானத்தை ஒட்டிய மேம்பாலத்தில் ரயில் ஒன்று போனது. ஜன்னல்களில் முகங்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. அவனுக்கே முழுதாக விளங்கவில்லை. உயர்ந்த மலையடியில் நிற்பவன்போல் மூச்சு தயங்கியது.

அழுதான். கையெடுத்துத் துடைக்க முடியாது. தூக்குகிறவன் கையை எடுக்கக் கூடாது.

ஊரில் பாதி வழியில் ஆள் மாறுவார்கள். இங்கும் மாறினார்கள். முதல் சுற்று முடிந்ததும் புதியவர்கள் வந்து தோளைத் தொட்டார்கள். பின்னால் இருந்த நால்வரும் விலகி இடம் கொடுத்தார்கள்.

அவன் தோளைத் தொட்டார்கள். தலையசைத்து மறுத்தான்.

கார்வியின் தோளைத் தொட்டார்கள்.

அவன் பக்கவாட்டில் பார்த்தான். கார்வி அவனைவிட ஒரு தலை உயரம். பெட்டி சாயாமலிருக்க இரண்டு தோள்களும் சமமாக இருக்க வேண்டும். தொடங்கிய இடத்திலிருந்து கார்வி முழங்கால்களை மடக்கியே நடந்து வந்திருக்கிறான். தொடைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“விடு, நான் பிடிக்கிறேன்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கார்வி திரும்பவில்லை. கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். முழங்காலை நிமிர்த்தாமலேயே அடுத்த அடி வைத்தான்.