குரங்குப் பயம்

"அத்தை, அந்தப் பச்சமலைல குரங்கு இருக்குமா?" வீடியோ காலில் மருமகள் ஆஷ்லியின் முகம் வெளிறியிருந்தது.

"இருக்கும்மா. கார் கண்ணாடியை ஏத்திட்டா ஒண்ணும் பண்ணாது," என்றாள் புத்தூரிலிருந்து அற்புதம்மாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மகனும் மருமகளும் முதல் தடவையாக ஊருக்கு வருகிறார்கள். உப்பிலியபுரம் வழியாகக் காரில் மலையேறி அருவி பார்ப்பது, மறுநாள் தொட்டியத்தில் காவிரியில் பரிசல் என்று அவள் ஆசை ஆசையாகத் திட்டம் போட்டிருந்தாள்.

"பரிசல் சுத்துமாமே? கவிழ்ந்துடாதா?"

"இடுப்பளவு தண்ணிதாம்மா."

"குரங்கு கையைப் பிடிச்சு இழுத்தா?"

அற்புதம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்வளவு பயந்தா எப்படி? வேண்டாம்னா விட்டுடலாம். வீட்டுலயே உட்கார்ந்து டிவி பார்ப்போம்."

அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று உருண்டது.

"கோவிச்சுக்காதீங்க அத்தை, ஒரு நிமிஷம்!" ஆஷ்லி ஒரு பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். டமடமவென்று தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அதட்டல். நிதானமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல அத்தை, இங்க அலாஸ்கால எப்பவும் நடக்கறதுதான். கரடி வந்து குப்பைத் தொட்டியை உருட்டிடுச்சு, விரட்டிட்டு வந்தேன். நீங்க சொல்லுங்க, அந்தக் குரங்கு எவ்வளவு பெருசா இருக்கும்?"