கறுப்பு முனையில் கட்டிய நூல்

தடயவியல் நிபுணர் கிழவியின் முடியை வெளிச்சத்தில் பிடித்தார்.

முக்கால் சாணுக்கு மேல் நீளம். வேர்ப்பக்கம் எது என்று தெரிய, பிணவறையிலேயே ஒரு முனையில் நூல் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

முடி மாதத்துக்கு அரை விரற்கடை வளரும். தின்றதையெல்லாம் எழுதிக்கொண்டே வளரும். கிழவியைப் புதைத்து, நாக்கு மண்ணாகி, தோண்டி எடுத்த பிறகும் முடி மட்டும் வாயை மூடவில்லை.

தடயவியல் கூடத்தில் பாதி முடியைத் துண்டு துண்டாக நறுக்கி, கரைத்து, இயந்திரத்துக்குக் கொடுத்தாயிற்று.

நூலுக்கு எதிர்முனையில் மட்டும் பாஷாணம்.

அதாவது, பழைய மாதங்களில்.

"மருமக வந்த புதுசுலயே வெச்சிருக்கா சார்," என்றார் அறிக்கை வாங்க வந்த ஏட்டு. "மெதுவா வேல செஞ்சிருக்கு."

"வெஷமாய்யா, ஊறுகாயா? போட்டு வெச்சு ஒன்றரை வருசம் ஊற?"

ஏட்டு சிரிக்கவில்லை.

கிழவியின் மகள் கொடுத்த புகாரில், மருமகள் கைக்குழந்தையோடு சிறையில் இருந்தாள். இந்த அறிக்கை போனால் குழந்தை அங்கேயேதான் நடை பழகும்.

அவர் மீதி முடியைப் பார்த்தார்.

நூல் கட்டிய முனை கறுப்பு. மறுமுனை வெள்ளை.

கிழவிக்கு வயது குறைந்துகொண்டே வந்திருந்தால்தான் இப்படி ஆகும்.

"கெழவி மை அடிச்சுதா?"

"பையன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவ சார். போட்டோல மாப்பிள்ளைக்கு அக்கா மாதிரி நிக்கும்."

நூலைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள்.

அவர் அதை அவிழ்த்தார்.

கறுப்பு நிற்கும் இடம், கல்யாணம். அங்கிருந்து வெள்ளை. மருமகள் ஆக்கிப் போட்ட மாதங்கள். ஒரு பொட்டு விஷம் இல்லை.

வேரை ஒட்டிய கடைசி இரண்டு விரற்கடையில்தான் எல்லாம்.

ஊதினால் பறந்துவிடும் எடை. அதற்குள் ஒரு வீட்டின் ஒன்றரை வருடச் சமையல்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு பிரசவத்துக்கு எப்பய்யா போச்சு?"

"ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்ச கையோட. புள்ளைய தூக்கிட்டு வந்த மறுநாளே கெழவி..."

ஏட்டு நிறுத்தினார்.

"அந்த நாலஞ்சு மாசம் கெழவிக்குச் சோறு போட்டது யாரு?"

ஏட்டு செல்போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

"கெழவி மக, புகார் குடுத்துச்சே... அது வீட்லதான் இருக்குதா, போய்ப் பாரு."

வைக்கப் போனவர், மறுபடி காதில் வைத்தார்.

"காப்பி குடுத்தா குடிச்சிராத."