மூன்றாவது சட்டை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வேட்டைக் குடிசைகளில் ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்டவனின் சட்டை நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பார்கள். எங்கள் சுவரில் தொங்கும் இரண்டு துண்டுகளும் என்னுடையவை. வெட்டியவன் என் தங்கை கணவன் டாரல்.

"என்ன மச்சான், இந்த வருஷமாவது மான் சாகுமா, இல்ல சட்டைதானா?" என்றான் டாரல், மான்கறி சாசேஜை மென்றபடி. "போன வருஷம் நீ சுட்டது எனக்குப் பக்கத்துல இருந்த மரத்துப் பட்டைய உரிச்சிடுச்சு. மான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்."

"அவசரப்பட்டுட்டேன் மாப்பிள்ளை. முதல் வருஷம் தூரம் பாக்கல. போன வருஷம் மூச்சப் பிடிக்கல. இந்தத் தடவை பொறுமையா இருப்பேன்."

"நீயா?" கத்தியைத் தீட்டிப் பையில் போட்டுக்கொண்டான். "எதுக்கும் இது இருக்கட்டும்."

தங்கை ஆர்லீன் காபி ஊற்றினாள். உடைந்த தாடைக்குக் கம்பி கட்டியிருந்ததால் அவள் பேசவில்லை.

"பனியில வழுக்கிட்டா," என்றான் டாரல்.

விடிந்ததும் அவன் ஓடைப் பக்கம் போனான். நான் மரத்தில் கட்டிய பரணில் ஏறினேன்.

ஏழு மணிக்கு முதுகு தெரிந்தது. சுடவில்லை. ஒன்பதுக்குக் கழுத்து மட்டும். அப்போதும் சுடவில்லை. பதினொன்றரைக்கு, ஐம்பது கஜத்தில், மார்பு முழுதாக என் பக்கம் திரும்பியது. பாதி மூச்சை விட்டு விசையை அழுத்தினேன்.

ஒரே குண்டு. கால்கள் பனியை உதைத்தன. வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. துடிப்பு அடங்கும்வரை பரணிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இறங்கிப் போனேன். தீட்டிய கத்தி டாரலின் பையிலேயே இருந்தது.

மூன்று வருஷத்தில் நான் ஒருமுறைகூட மானைக் குறிவைத்ததில்லை.