மூன்றாவது புள்ளி

“தெரியுதுதான் சார். ஆனா ஒழுங்கா தெரியல” என்றாள் இசைப்பிரியா, நீட்டிய பிஸ்டலை இறக்காமலே.

“இன்னாடி பதில் இது?” அக்கா கார்முகில் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். “பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இழுத்துகினு இருக்கற!”

சுதாகர் சிரித்துக்கொண்டே பிஸ்டலை வாங்கினார். நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில், பழைய கொட்டகை ஒன்றில் நடக்கிற அந்தத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு அவர்தான் மெக்கானிக். தீப்பெட்டி அளவில் மூன்று கருவிகள், ஒன்று பிஸ்டலின் மேல், இரண்டு மேசையில். சென்னையில் தெரிந்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாட்டிப் பார்க்க வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு கண்ணாடி. உள்ளே இருக்கிற பொடி விளக்கு அந்தக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளியாக விழும். புள்ளியை இலக்கின் மேல் வைத்து விசையை இழுக்க வேண்டியதுதான்.

“முதல்ல போட்டது சின்னப் புள்ளி, சரி. இது பெரிய புள்ளிம்மா. வெளிச்சத்தையும் முழுசா ஏத்திட்டேன்.”

“இன்னும் கொஞ்சம் ஏத்துங்களேன் சார்.”

“இதுக்கு மேல ஏத்த அதுல பட்டன் இல்லம்மா.”

மறுநாள் சென்னையில் ஒரு தனியார் அகாடமி பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறது. பத்துச் சுற்று சுட்டுக் காட்ட வேண்டும். பெர்மனென்ட் வேலை. வயது வரம்பு இசைக்கு இந்த வருடத்தோடு சரி. மாவட்டத்தில் மெடல் வாங்கியவள்தான். கொஞ்ச நாளாகக் குறி தப்பிக்கொண்டே வந்தது. பிஸ்டல் குழலின் நுனியில் இருக்கிற முன்குறி மங்கலாகத் தெரிகிறது என்றாள். தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, “தூக்கம் பத்தலையாம், அவ்ளோதான்” என்றாள். அதற்குத்தான் சுதாகர் இந்த வழி சொன்னார். இந்தத் தேர்வில் புள்ளிக் கருவி மாட்டிக்கொள்ளலாமாம்.

அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் கார்முகில். வாங்கி என்ன கிழித்தாள்? அப்பா தனகோட்டியும் கான்ட்ராக்ட், இவளும் கான்ட்ராக்ட். அவர் சுரங்கத்தில் மண்வெட்டி பிடித்து முதுகை ஒடித்துக்கொண்டார், இவள் ஆபீசில் கம்ப்யூட்டர் பிடிக்கிறாள். வளர்ச்சி அவ்வளவுதான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனே வேலை கேட்டுக் கொடி பிடிக்கிற ஊரில், நிலமே இல்லாதவன் எதைக் காட்டி வேலை கேட்பான்? தங்கச்சியின் குறியைத்தான் காட்ட முடியும். அதுவும் போனால் வேறு ஒன்றும் இல்லை.

“சார், ஒண்ணு கேக்கறேன்” என்றாள் கார்முகில். “டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் புள்ளைங்களுக்கும் இதத்தான் குடுப்பீங்களா? இல்ல, ஓட்ட ஒடசல் எல்லாம் வெளிய வடக்குத்து கிராமத்துலேந்து வர்றவளுக்குன்னே எடுத்து வச்சிகினு இருக்கீங்களா?”

சுதாகரின் முகம் சுண்டிப்போனது. “ஏம்மா, நான் பாத்துட்டுத்தானே கையில குடுத்தேன்? புள்ளி நல்லாத்தான் இருந்துது.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சி இன்னா சார் ஆவப்போவுது? சுடப்போறது அவ!”

“விடுக்கா” என்றாள் இசை.

“நீ கம்முனு இரு. எங்க போனாலும் நமக்குன்னா ஒரு மட்டம்தான்.”

சுதாகர் இரண்டாவதைக் கழற்றிவிட்டு மூன்றாவதை எடுத்தார். இதுவே கடைசி. பிஸ்டலின் மேல் தகட்டில் உட்காரவைத்து, திருகுகளில் பசை தொட்டு முடுக்கினார். தலைக்கு மேல் கார்முகில் ஓயாமல் பொரிந்துகொண்டிருந்தாள். எப்போதும் தன் கண்ணில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பவர், இந்தத் தடவை பார்க்காமலே நீட்டினார்.

“நீயே பாத்துச் சொல்லும்மா. இதுவும் ஒத்து வரலன்னா என்கிட்ட வேற இல்ல.”

இசை வாங்கினாள். கையை நீட்டினாள். சுவரில் வட்டம் போட்ட அட்டை.

“இசை...” கார்முகிலின் குரல் இறங்கிவிட்டது. “அப்பா காலையிலேந்து ஒருவாய் சோறு தின்னாம வூட்ல குந்திகினு இருக்காரு. நல்ல சேதியா சொல்லுடி.”

இசை வெகுநேரம் பார்த்தாள். கை ஆடவே இல்லை.

“தெரியுதுக்கா.”

“நெசமாவா?”

“ம். பளிச்சுனு தெரியுது. கோவப்பழம் மாதிரி. நட்ட நடுவுல நிக்குது.”

கார்முகில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “பாத்தீங்களா சார்? நல்ல சரக்க கடைசியாதான் எடுக்கறீங்க!” என்றவள் வீட்டுக்குப் போன் போட்டாள். “எப்பா, எல்லாம் சரியாயிடுச்சி. இசைக்குப் புள்ளி சூப்பரா தெரியுதாம். நாளைக்கு அடிச்சிடுவா. நீ மொதல்ல சாப்புடு.”

போனுக்குள் அப்பா, “சோறு போடு சாமியம்மா” என்று அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது.

மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சுதாகர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அடச்சே! மன்னிச்சுக்கம்மா, உங்கக்கா போட்ட சத்தத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதக் கொண்டா, திரும்பக் கழட்டணும். அந்த மாடலுக்கு பேட்டரிய அடியில வச்சிட்டுத்தான் மேல திருகணும். நான் பேட்டரியே போடாம மாட்டிட்டேன்.”