வாக்மேனில் வந்த குரல்

முத்தியால்பேட்டை வீட்டில், ழான்-மரி தன் பழைய வாக்மேனைக் கழற்றித் துடைத்து ஓடவைத்துவிட்டார். கல்யாணமான புதிதில் பதிவுசெய்த கேசட்டைப் போட்டதும், அதில் இணைத்த ஸ்பீக்கரில் கரகரத்த ஆண்குரல் ஒன்று சுருதி விலகிப் பாடியது.

மனைவி சிமோனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்தக் குரலை வச்சிக்கிட்டா சர்ச்சுல பாடுனேன்னு பெருமை அடிச்சிக்கிறீங்க?"

மகள் பொலின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உள்ள இருக்குற ரப்பர் பெல்ட்டு லூசாயிடுச்சு. அதான் கேசட்டு மெதுவா சுத்துது" என்றார் ழான்-மரி.

"உங்க குரலுக்குப் பெல்ட்டு என்ன பண்ணும்?"

அவர் புது பெல்ட்டை மாட்டி மறுபடி ஓடவிட்டார். கேசட் சரியான வேகத்தில் சுற்றியது. சுருதி விலகியேதான் இருந்தது. ஆனால் குரல் மெலிந்து பெண்குரலாகியிருந்தது.

"அம்மா, இது நீ பாடுனது" என்றாள் பொலின்.

சிமோன் சற்று நேரம் கேட்டார். பிறகு கணவர் பக்கம் குனிந்து சொன்னார்:

"என்னங்க, அந்தப் பழைய பெல்ட்டையே மாட்டிடுங்க."